சின்ன வளவுக்கு ஏற்ற மரம்

மில்லிக்கன், ரொறன்ரோ
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் அட்சயாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகமாக இருக்கிறேன். வழக்கமாக இந்த இடத்தில் அம்மாவும் தம்பி குடும்பமும் சுகம் என்று எழுதவேண்டும், அவர்கள் இந்த வீட்டில் இல்லாதபடியால் அவர்களுடைய சுகத்துக்கு நான் பொறுப்பெடுத்து எழுத முடியாது, அது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். நீ அங்கே பேர்கன் நகரத்து மழையில் நனைந்து காய்ச்சல் தடிமன் ஒன்றும் வராமல் இருக்க நல்லூரான் பார்த்துக்கொள்ளட்டும். நீ போனை எடுப்பதில்லை, வட்ஸ்அப்பிலும் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று பக்கத்து வீட்டு இக்னேசியஸ் தன்னுடைய போனில் பார்த்துச் சொன்னார், ஆகவே கடிதம் எழுதுகிறேன். கடிதத்தைத் தடுக்க இன்னும் ஒருவரும் பொத்தான் கண்டுபிடிக்கவில்லை. கிழித்துப் போடலாம், ஆனால் கிழிக்கிறவர்களும் முதல் பக்கத்தையாவது பார்த்துவிட்டுத்தான் கிழிப்பார்கள்.

கடைசியாகப் பேசியபோது நீ என்னை ஈவிரக்கமில்லாத மனுசன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். எனக்குக் கோபம் இல்லை. நீ ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொன்னாய், மற்றப் பக்கத்தை நான் எழுதுகிறேன், வாசித்த பிறகும் உனக்கு அதே சொல்தான் வாயில் வந்தால் அதை நீயே வைத்துக்கொள். கையால் தூக்கி வளர்க்க ஒரு பிள்ளை இல்லாத நீ, பிள்ளை இழந்தவளுக்காக வழக்காட வந்தது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. இதை வாசித்து நீ நோவாய் என்று தெரியும். நீ என்னைச் சொன்னபோது எனக்கும் நொந்தது.

உன் தம்பி பிரியந்தனின் முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் மருமகள் கஜனியின் வயிற்றுக்குள்ளேயே இறந்துபோன கதை உனக்குத் தெரியும், நீதான் அப்போது ரிக்கற் எடுத்து வந்து நின்றாய். நீ திரும்பிப் போன பிறகு நடந்ததைத்தான் நான் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்காரர் தகனம் செய்து ஒரு சின்னப் பெட்டியில் சாம்பலைக் கொடுத்தார்கள். அதை ஏரியில் கரைத்துவிட்டு வந்து தலைமுழுகச் சொல்லிப் பிரியந்தனுக்குச் சொன்னேன், ஒரு சனிக்கிழமை காரில் போய்விட்டு வந்து கரைத்தாயிற்று என்றான், நான் நம்பினேன். கஜனி அந்தக் குளிர்காலம் முழுவதும் வேலைக்குப் போகவில்லை. குசினி மேசையில் இருந்து யன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தேத்தண்ணீர் ஆறிப் போகும், உன் அம்மா அதை எடுத்துச் சூடாக்கி மறுபடி வைப்பாள், அதுவும் ஆறிப் போகும். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு முறை சொன்னேன், போரில் வயிற்றில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக நடந்து வந்த பொம்பிளைகள் எல்லாம் அடுத்த நாள் எழும்பி அடுப்பு மூட்டினவர்கள் என்று. அது உண்மைதானே. அதற்குப் பிறகு அவள் மேசையை விட்டு மேலே அறைக்குள் போய் இருக்கத் தொடங்கினாள்.

பிறகு மாசி மாதமளவில் ஒரு நாள் தானாகவே இறங்கி வந்தாள், கையில் நாலு படங்கள். பின்வளவில் ஒரு பேர்ச் மரம் வைக்க ஆசை என்றாள். நீ அங்கிருந்து அவளுக்குப் பேர்ச் படங்களாக அனுப்பிக்கொண்டிருந்தாய் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். எங்களுடைய பின்வளவை நீ கண்டிருக்கிறாய், நாலு பேர் கதிரை போட்டு இருந்தால் ஐந்தாவது ஆள் படியில்தான் இருக்கவேண்டும். நான் யாழ்ப்பாணத்தில் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன் என்று அவளுக்குப் பிரியந்தன் சொல்லியிருக்கிறான், ஆகவே என்னைக் கேட்டாள். இந்த நாட்டுக்கு வந்த பிறகு என்னிடம் ஒருவரும் ஒரு மரத்தைப் பற்றிக் கேட்டதில்லை. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதலாவது வெள்ளைப் பட்டை தாள்தாளாக உரிகிற பேப்பர் பேர்ச், அழகுதான், ஆனால் வீட்டுக் கூரையைத் தாண்டிப் போகும், கொப்பு இக்னேசியசின் கூரையில் போய் இருக்கும். இரண்டாவது ஆற்றோரத்தில் நிற்கிறது, ரிவர் பேர்ச், மண்ணில் எப்போதும் ஈரம் வேண்டும், அதுவும் பெருமரம். மூன்றாவது இமயமலைப் பக்கத்து மரம், சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளை, ஆனால் தண்டைத் துளைக்கிற வண்டு அதை விடாது, வெயில் சுட்டால் கெதியாய் நோய் பிடிக்கும். நாலாவது படத்தில் இருந்தது குடை விரித்ததுபோல ஒரு சின்ன மரம், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே போய் அங்கிருந்து எல்லாக் கொப்பும் கீழே மடிந்து நிலத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. நான் அதன் தண்டைப் பார்த்தேன், மேலே ஓரிடத்தில் புடைத்த கணுப்போல ஒரு முழி தெரிந்தது. அது ஒட்டு மரம். எங்களுடைய ஊரில் மாமரத்துக்குச் செய்கிறதுபோல, நேராக வளர்கிற ஒரு பேர்ச்சின் தண்டில் கீழே தொங்குகிற சாதியை ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டின உயரத்தை விட அது பெரிதாக மேலே போகாது. சின்ன வளவுக்கு இதுதான் மரம் என்று நான்தான் விரல் வைத்துக் காட்டினேன். கஜனி அந்த மாதங்களில் முதல் தடவையாகச் சிரித்தாள். “மாமா சொன்னால் சரி,” என்றாள். நான் தேர்ந்தெடுத்த மரம்தான் அது. இதை உனக்கு ஒருவரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

சித்திரை முடிய, ஸ்டீல்ஸ் வீதிக்கு வடக்கே உள்ள ஒரு நேர்சரிக்கு கஜனியும் பிரியந்தனும் போய் அதைக் கொண்டுவந்தார்கள். கன்றாக இருக்கும்போது எல்லாப் பேர்ச்சின் தோலும் மண்ணிறம்தான், வெள்ளை பிறகுதான் வரும், ஆகவே கட்டியிருக்கிற பெயர்ச் சீட்டைப் பார்த்து வாங்கக்கூடாது, இலையையும் சுள்ளியையும் பார்க்கவேண்டும் என்று நேர்சரிக்காரன் மணித்தியாலக் கணக்கில் சொல்லிக்கொடுத்தானாம், அவள் இரவு முழுக்க அதையே உன் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடும்போது என்னைக் கூப்பிடவில்லை. நான் அன்று கோயிலுக்குப் போயிருந்தேன், வரும்போது குழி மூடி மண் அணைத்துத் தண்ணீர் ஊற்றியாயிற்று. உன் அம்மாவின் சேலைக் கரையில் மண். அவளுக்கும் மரத்துக்கும் என்ன என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவள் ஒவ்வொரு பின்னேரமும் செம்பில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினாள், சில நாள் ஒரு கரண்டி பால்சோறு கொண்டுபோய் அடியில் வைத்தாள். அணிலுக்கு வைக்கிறாள் என்று நினைத்து எலி வரும் என்று பேசினேன். அவள் அடுத்த நாளும் வைத்தாள்.

மரம் நன்றாக வந்தது, அதில் பொய் சொல்லமாட்டேன். இரண்டு கோடையில் கொப்புகள் நிலத்தைத் தொட்டன. கஜனி வேலையால் வந்தால் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே அதற்குள் போய் இருப்பாள், வெளியே கால் மட்டும் தெரியும். பிறகு போன வருடம் வைகாசியில் மறுபடி வயிற்றில் தங்கியிருக்கிறது என்று செய்தி வந்தது. நான் மூன்று கோயிலில் அருச்சனை செய்தேன், உனக்கும் விபூதி அனுப்பினேன், கிடைத்ததோ தெரியாது. அந்த நாட்களில் ஒரு நாள் மரத்தடியில் நேர்சரிச் சீட்டைக் கட்டின கம்பி தண்டுக்குள் இறுகிப் போயிருந்ததைக் கண்டேன், விட்டால் தோலை அறுத்துவிடும். குறடு கொண்டுபோய்க் கழற்றினேன். கழற்றும்போது சீட்டில் முழுப் பெயரையும் வாசித்தேன். கஜனி எங்களுக்கு யங்ஸ் பேர்ச் என்றுதான் சொல்லியிருந்தாள். சீட்டில் நடுவில் இன்னொரு சொல் இருந்தது, வீப்பிங். அழுகிற மரம். வீட்டு நடு வளவில், பிள்ளை செத்த வீட்டில், மறுபடி பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில், அழுகிற மரம். வேணுமென்றே என்னிடம் அந்தச் சொல்லை மறைத்திருக்கிறாள்.

நான் அப்போதும் பொறுத்தேன். பிறகு உன் அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா புனிதவதி வோபர்னிலிருந்து ஒரு நாள் வந்தாள், கஜனிக்குக் கடலைமாவில் ஏதோ செய்துகொண்டு. பின்கதவால் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இது என்ன, செத்தவீட்டில் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு குனிந்து நிற்கிற பொம்பிளை மாதிரி இருக்கிறதே, பிள்ளைத்தாச்சி உள்ள வீட்டில் இதை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். புனிதவதியின் வாய் உனக்குத் தெரியும், ஆனால் அவள் சொன்ன பிறகு எனக்கு மரம் வேறு விதமாகத் தெரியவில்லை. காற்றடித்தால் தலை ஆட்டி அழுவதுபோல. கஜனி உள்ளே இருந்தால் இரண்டு பேர் சேர்ந்து அழுவதுபோல. எனக்குப் பயம் வந்தது, மகள். இந்த வயதில் இன்னொரு சின்னப் பெட்டியைப் பார்க்க என்னால் முடியாது. பிரியந்தனிடம் மரத்தை எடுத்துவிடுவோம் என்றேன், வேறு கதை பேசினான். உன் அம்மாவிடம் சொன்னேன், மரத்தில் கை வைக்காதீர்கள் என்று மட்டும் சொன்னாள், காரணம் சொல்லவில்லை. கட்டின நாளிலிருந்து எனக்கு இதைச் செய்யாதே என்று சொல்லாத பொம்பிளை. அது எனக்கு இன்னும் எரிச்சலைத்தான் கொண்டுவந்தது.

புரட்டாதியில் ஒரு நாள் கஜனிக்கு ஸ்கான் இருந்தது. பிரியந்தன் லீவு எடுத்துக் கூட்டிக்கொண்டு போனான், உன் அம்மாவும் கூடப் போனாள். நான் கைவாளை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். நீ இதைக் கவனமாக வாசி, ஏனென்றால் நான் மரத்தைக் கொன்றேன் என்று நீ சொன்னாய். நான் கொல்லவில்லை. ஒட்டு எங்கே இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்து அதற்குச் சரியாகக் கீழே வெட்டினேன். தொங்குகிற சாதி மேலே, நேராக வளர்கிற சாதி கீழே. மேலே உள்ளதை எடுத்தால் அடியில் உள்ளது நேராகத் தளிர்க்கும், எத்தனையோ மாமரத்தில் கண்டவன் நான். அழுகையை எடுத்துவிட்டு மரத்தை விட்டேன் என்றுதான் நினைத்தேன். வாள் கூராக இருந்தது, வேலை கெதியாய் முடிந்தது. கொப்புகளை வெட்டிக் கயிற்றால் கட்டி, இலையைக் கடதாசிப் பையில் போட்டு, குப்பைக்காரர் எடுக்கிற இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். கை கழுவித் தேத்தண்ணீர் போட்டுக் குடித்தேன்.

அவர்கள் சந்தோசமாக வந்தார்கள். பிள்ளை நன்றாக இருக்கிறதாம், இருதயம் நன்றாக அடிக்கிறதாம். கஜனி அன்று என்னிடம்தான் முதலில் வந்தாள். ஸ்கான் படத்தை என் கையில் தந்து, இது தலை, இது கை என்று காட்டினாள். கண்ணாடி இல்லாமலே எனக்குத் தெரிந்தது. நல்லது பிள்ளை, இனி எல்லாம் நல்லபடி நடக்கும் என்று சொன்னேன், மனமாரத்தான் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே சப்பாத்தைக் கழற்றிப் பின்கதவைத் திறந்தாள்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். நின்ற கட்டைக்குக் கிட்டப் போய்க் கையை உயர்த்தி வெட்டின இடத்தில் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள், இரத்தம் வருகிற காயத்தை அமத்துகிறதுபோல. நான் படியில் நின்று ஒட்டு, அடிக்கட்டை, தளிர் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன், வேர் சாகவில்லை, வருகிற வருடம் நேராக ஒரு நல்ல மரம் நிற்கும் என்று. அவள் கேட்டாளோ தெரியாது. பிரியந்தன் எனக்குப் பின்னால் வந்து நின்றான். “அப்பா, உதுக்குக் கீழதான் பிள்ளையின்ர சாம்பல் இருக்கு. நாங்கள் ஏரியில கரைக்கேல்லை,” என்றான்.

நான் உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் நிலத்தைப் பார்த்தாள். அப்போதுதான் செம்புத் தண்ணீரும் பால்சோறும் எனக்கு விளங்கியது. இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, பேர்கனில் இருக்கிற உனக்கும் தெரிந்திருக்கிறது, வீட்டுக்காரனுக்குத் தெரியாது. நீயே சொல், அந்த நேரம் ஒரு மனுசனுக்கு என்ன வரும். எனக்குக் கோபம்தான் வந்தது. “அப்ப என்னைக் கேக்காமல் என்ர வளவை ஏன் சுடலையாக்கினீங்கள்?” என்று கேட்டேன். அதையும் நான் மறுக்கவில்லை. கேட்டேன். இப்போதும் கேட்கிறேன்.

கஜனி திரும்பி வந்தாள். நான் படியை விட்டு விலகினேன், அவள் என்னை அடிக்கப் போகிறாள் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். என் முன்னால் நின்று கையை நீட்டினாள், மரத்தூள் ஒட்டின கை. “அந்தப் படத்தைத் தாங்கோ மாமா,” என்றாள். ஸ்கான் படம் இன்னும் என் கையில்தான் இருந்தது, நான் கவனிக்கவில்லை. கொடுத்தேன். அதற்குப் பிறகு இந்த வீட்டில் இருந்த நாள் வரைக்கும் அவள் என்னோடு பேசவில்லை.

அஜக்சில் ஒரு வீடு வாடகைக்கு எடுத்திருக்கிறோம் என்று பிரியந்தன் ஐப்பசியில் சொன்னான், வேலைக்குத் தூரம் என்றேன், ரெயினில் போகலாம் என்றான். சாமான் ஏற்றுகிற அன்று அவனும் கூட வேலை செய்கிற ஒருவனும் வந்து முதலில் பின்வளவுக்குத்தான் போனார்கள். கட்டையை வேரோடு கிளப்பி, அடி மண்ணையெல்லாம் தோண்டி, பெரிய வாளிகளில் அள்ளினார்கள். கஜனி பக்கத்தில் நின்று இன்னும் ஆழம், இன்னும் ஆழம் என்றாள், வயிறு நன்றாகத் தெரிந்தது. களிமண் வரும்வரை தோண்டினார்கள். குழியை மூடச் சொன்னேன், ஒருவரும் மூடவில்லை. உன் அம்மா காலையிலேயே எழும்பிச் சோறு கறி சமைத்து மூடி வைத்துவிட்டு, நீ வாங்கிக் கொடுத்த நீலக் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நின்றாள். வழியனுப்ப நிற்கிறாள் என்று நினைத்தேன். பிரியந்தன் ஒரு சின்ன வாளியை அவள் கையில் கொடுத்தான், அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு காரின் பின்சீற்றில் ஏறி இருந்தாள். இங்கிலீசு தெரியாத, பஸ்ஸில் தனியாகப் போகத் தெரியாத பொம்பிளை. நான் கார் யன்னலுக்குக் கிட்டப் போய் எப்போது திரும்பி வருவாய் என்று கேட்டேன். “நான் வாறன் எண்டு சொல்லேல்லையே,” என்றாள். கோபமாகக் கூடச் சொல்லவில்லை, கடையில் மிச்சக் காசு இல்லை என்று சொல்கிறதுபோலச் சொன்னாள். அன்று இரவு அவள் சமைத்ததைச் சாப்பிட்டேன். பருப்புக்கு உப்புக் கூடியிருந்தது.

குளிர்காலத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று நீ கேட்கவில்லை, ஆகவே எழுதவில்லை. பனி தள்ள இக்னேசியஸ் வந்தார், அவருக்கு முழங்கால் ஒப்பரேசன் முடிந்தும் வந்தார். மாசியில் ஒரு நாள் வேலிக்கு மேலால், அண்ணை, வாழ்த்துகள், பேத்தி பிறந்திருக்கிறாளாமே, பெட்டை நல்ல வடிவாம், மனுசி பேஸ்புக்கில் பார்த்தவளாம் என்றார். நான் ஓம் ஓம் தெரியும் என்றேன். உள்ளே வந்து கதிரையில் இருந்தேன். நல்லபடி பிறந்துவிட்டது. மரம் போனது நல்லதுதான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன், நீ என்ன நினைத்தாலும் சரி. ஆனால் சொல்லிக் கேட்க வீட்டில் ஒருவரும் இல்லை.

போன மாதம், இலை எல்லாம் வந்த பிறகு, நான் ஒரு முடிவெடுத்தேன். சமாதானத்துக்கு முதலில் இறங்கி வருகிறவன் நான்தான் என்று இருக்கட்டும். பிளாசாவில் கோடைக்குக் கூடாரம் அடித்து மரம் விற்கிற இடத்தில் போய் ஒரு பேர்ச் வாங்கினேன். அழுகிற சாதி வாங்க என் கை போகவில்லை. நேராக நிற்கிற, குள்ளச் சாதி என்று சீட்டில் போட்டிருந்த ஒன்றை எடுத்தேன். இக்னேசியஸ் தன்னுடைய வானில் என்னையும் மரத்தையும் ஏற்றி நானூற்றியொன்று நெடுஞ்சாலையில் கொண்டுபோனார். அஜக்சில் எல்லா வீடும் ஒரே அச்சில் வார்த்ததுபோல, எண்ணைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். ஆனால் எண்ணைப் பார்க்கமுதலே எனக்குத் தெரிந்துவிட்டது. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டத்தில் மண் அணைத்து, நடுவில் புதிதாக ஒரு யங்ஸ் பேர்ச் நின்றது, கொப்புகள் இன்னும் நிலத்தைத் தொடவில்லை. கிளப்பிக் கொண்டுபோன கட்டை பனியில் செத்திருக்கும், அதே மண்ணில் அதே மரத்தை மறுபடி வைத்திருக்கிறாள். நான் என் மரத்தைப் பிடித்துக்கொண்டு மணியை அடித்தேன்.

கஜனிதான் வந்தாள். வெளிக் கண்ணாடிக் கதவைப் பாதிதான் திறந்தாள், ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே. மெலிந்திருந்தாள். நான் அவளிடம், பிள்ளை, நடந்தது நடந்துபோச்சு, பதிலுக்கு ஒரு மரம் கொண்டுவந்திருக்கிறேன், இதுவும் பேர்ச்தான், குள்ளச் சாதி, நேராக நிற்கும் என்று சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, மரத்தைத்தான் பார்த்தாள். குனிந்து ஒரு இலையைப் பிடித்துத் திருப்பினாள், ஒரு சுள்ளியை விரலால் தடவினாள், தண்டைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று நினைக்கிறாய், நான் சோதனை எழுதிவிட்டு மாக்ஸ் கேட்டு நிற்கிற பெடியன் மாதிரி நின்றேன்.

“மாமா, இலையின்ர அடியைப் பாருங்கோ, உருண்டையா இருக்கு. சுள்ளியில மெல்லிய மயிர் இருக்கு. எங்கட மரத்துக்கு இலை முக்கோணமா இருக்கும், நுனி நீண்டிருக்கும், சுள்ளி சொரசொரப்பா இருக்கும்,” என்றாள். “இது பேப்பர் பேர்ச். சீட்டு மாறியிருக்கு. இது வீட்டைவிட உயரும். சின்ன வளவுக்குச் சரிவராது, நீங்கள்தானே சொன்னனீங்கள்.” குரலை உயர்த்தவே இல்லை. பிறகு, “கொண்டுபோங்கோ,” என்றாள்.

அவளுக்குப் பின்னால் நடையில் உன் அம்மா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றாள். பிள்ளையின் முகம் அந்தப் பக்கம், எனக்குத் தெரிந்தது பின்தலை மட்டும், நிறைய முடி. யோகம், வா போவம் என்று நான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் வாசலுக்கு வரவில்லை, நின்ற இடத்தில் நின்றே கேட்டாள். “பிரசர்க் குளிசை நேரத்துக்குப் போடுறீங்களோ?” நான் ஓம் என்றேன். “அப்ப சரி,” என்றாள். பிள்ளையைத் தட்டிக்கொண்டு மேலே படி ஏறிப் போனாள். கஜனி கண்ணாடிக் கதவைச் சாத்தினாள், அடித்துச் சாத்தவில்லை, மெல்லச் சாத்தினாள், பிள்ளை எழும்பிவிடும் என்றாக்கும். பிரியந்தன் வீட்டில் நின்றானா இல்லையா என்று தெரியாது. அவனுடைய கார் நின்றது.

இக்னேசியஸ் என்னையும் மரத்தையும் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி எடுத்து இலையைப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. நாற்பது வருடம் விவசாயம் படித்துப் படிப்பித்த நான் சீட்டை வாசித்து மரம் வாங்கியிருக்கிறேன், அவள் இலையைத் தொட்டுச் சொல்கிறாள். அந்த மரத்தை இங்கே பின்வளவில், அவர்கள் மூடாமல் விட்ட குழிக்குள்ளேயே நட்டுவிட்டேன். அது கூரையைத் தாண்டும்போது நான் இருக்கமாட்டேன், வீட்டை வாங்குகிறவன் வெட்டட்டும்.

இதுதான் மற்றப் பக்கம். நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, அதற்காக இதை எழுதவும் இல்லை. ஒரு பிள்ளை நல்லபடி பிறக்கவேண்டும் என்று செய்தேன், அது நல்லபடி பிறந்தது, அதற்காக எல்லோரும் என்னை விட்டுப் போனீர்கள். உன் அம்மாவோடு பேசுகிறாய் என்று தெரியும். அவளுக்குச் சொல், எழுபது வயதில் புருசனை விட்டுப் போய் மகன் வீட்டில் பிள்ளை பார்க்கிற ஆயாவாக இருப்பது அவளுக்கு மரியாதை இல்லை என்று. அப்படியே சொல், இனிப்புப் பூசிச் சொல்லாதே. குளிர்ச்சட்டையின் பொத்தான் ஒன்று கழன்றிருந்தது, அதைத் தைத்தாளா என்றும் கேள்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே வெயில் குறைவு, விற்றமின் டீ குளிசையை விடாதே. ஈரச் சப்பாத்தோடு வேலையில் இருக்காதே, உனக்குச் சின்ன வயதிலிருந்தே நெஞ்சுச் சளி. உன்னோடு இருக்கிற அந்தப் பெடியனையும் விசாரித்ததாகச் சொல், அவனுடைய பெயர் எனக்கு இன்னும் வாயில் வராது. நீ என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் கடவுள் உன்னை ஒன்றும் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும், நான் கோயிலில் உன் நட்சத்திரத்தைச் சொல்லாமல் ஒரு வெள்ளியும் விட்டதில்லை, இனியும் விடமாட்டேன்.

ஒரு காரியம் மட்டும் மறவாமல் செய். போன வெள்ளி ஐயர் அருச்சனைக்குப் பேத்தியின் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வரிசையில் பின்னால் ஆட்கள் நின்றார்கள், பிறகு சொல்கிறேன் என்று விட்டு வந்தேன். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு துண்டில் பிள்ளையின் பெயரை மட்டும் எழுதி அனுப்பு. நான் கேட்டதாக அவர்களுக்குச் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
சி. பொன்னம்பலம்